நரம்புக்கல மாதிரி: வெளியே அழகு, அக்சனுக்குள் வெறுமை

கல்முனையில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். போன மாதம் மட்டக்களப்பு டவுனில் ஒரு கடையில் 6,500 ரூபாய் கொடுத்து இந்த மாதிரியை வாங்கினேன். கலவுடலைத் திறக்கலாம், கருவைக் கையில் எடுத்துக் காட்டலாம், நாரை மூடும் மயலின் உறையின் சுற்றுகள் வெட்டுமுகத்தில் தெளிவாகத் தெரிகின்றன. இதிலெல்லாம் எனக்கு முழுத் திருப்தி.

குறை அக்சனில், அதாவது கலவுடலிலிருந்து நீளும் நாரில்தான். மயலினைக் கழற்றினால் வெறும் றப்பர் குழாய், வளைத்தவுடன் நடுவில் சப்பையாக மடிந்துவிடுகிறது. "சேர், நாங்க கைய மடக்கக்குள்ள உள்ள இருக்கிற நரம்பும் இப்பிடித்தான் மடியுமா?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். மடியாது மகள், அதற்குத்தான் உள்ளே குழியவன்கூடு என்ற புரதச் சட்டகம் இருக்கிறது, ஆனால் அதைக் காட்ட இந்த மாதிரியில் ஒரு கோடுகூட இல்லை.

உண்மையான நாரில் நீளவாக்கில் 25 நானோமீற்றர் தடிப்புள்ள நுண்புன்குழாய்கள் ஓடுகின்றன, டோ என்ற புரதம் அவற்றை ஒன்றோடொன்று பிணைக்கிறது. மென்சவ்வுக்கு அடியில் ஏறத்தாழ 190 நானோமீற்றருக்கு அக்தின் என்ற புரதத்தால் ஆன ஒரு வளையம், வளையத்துக்கும் வளையத்துக்கும் இடையில் ஸ்பெக்ட்ரின் என்ற இன்னொரு புரதம். இந்த அடுக்கையே 2013இல்தான் கண்டுபிடித்தார்கள். பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தில் கோழிக் கருவின் அக்சன்களை இழுத்துப் பார்த்து, ஸ்பெக்ட்ரின் மடிப்பு விரிந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது என்று 2020இல் எழுதினார்கள். ஸ்பெக்ட்ரின் கோளாறுள்ள சின்ன வட்டப்புழு நெளிந்து ஊர்ந்தாலே அதன் அக்சன் அறுந்துபோகிறது. மெதுவாக இழுத்தால் தாங்குகிற நார்தான், மோட்டார் சைக்கிள் விபத்தில் தலை சடாரென்று சுழலும்போது நுண்புன்குழாய்கள் முறிந்து சேதப்படுகிறது. ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு வகுப்புக்கு வருகிற பொடியன்களுக்கு நான் இதைக் காட்டியே ஆக வேண்டும்.

அதனால் நானே உள்ளே நிரப்பினேன். பச்சைத் தென்னோலை ஈர்க்கு எட்டை, மருதமுனை நெசவுக்காரர் ஒருவர் தந்த நூலால் தளர்வாகப் பிணைத்தேன், சுற்றிவரக் கம்பி வளையங்கள், வளையங்களுக்கிடையில் றப்பர் பான்ட். அப்புறம் வளைத்தால் குழாய் வில் மாதிரி வளைந்து, விட்டதும் நிமிர்கிறது. ஈர்க்கு காய்ந்தால் முறியும், இரண்டு கிழமைக்கொரு தடவை மாற்றுகிறேன்.

கலவுடலும் மயலினும் படிப்பிக்க மட்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். ஐந்துக்கு மூன்று. அடித்தட்டுத் திருகாணி தளர்வாக வருகிறது, வகுப்புக்குக் கொண்டுபோகமுன் இறுக்கிவிடுங்கள்.