மோட்ஃப்ளோ 6-ல் மல்டிலெவல் மான்டே கார்லோ: ரொம்ப நாள் ஓட்டிய பிறகு

நிலத்தடி நீரோட்டத்தைக் கணினியில் கணக்கிட மோட்ஃப்ளோ 6 என்ற மென்பொருள், அதை பைத்தானிலிருந்து ஓட்ட ஃப்ளோபை என்ற நூலகம். இந்த ஜோடி மேல் எனக்குக் குறையே இல்லை. தலைவலி வேறு இடத்தில்: நிலம் தண்ணீரை எவ்வளவு எளிதாக விடுகிறது என்கிற ஊடுருவுதிறன் போர்வெல் போட்ட இடங்களில் மட்டும்தான் தெரியும், மற்றதெல்லாம் ஊகம், அதுவும் மணலுக்கும் களிமண்ணுக்கும் நடுவே லட்சம் மடங்கு கூட மாறுகிற எண். சாதாரண மான்டே கார்லோவில், அதாவது தற்செயலாக ஊகித்த பல நிலங்களுக்கு மாடலை ஓட்டிச் சராசரி எடுக்கும் முறையில், பிழையைப் பாதியாக்க நாலு மடங்கு ரன் வேண்டும், பத்தில் ஒன்றாக்க நூறு மடங்கு. நிலத்தைப் பொடிக் கட்டங்களாக வெட்டிய கிரிட்டில் இது கட்டுப்படியாகாது.

2008-ல் மைக் ஜைல்ஸ் நிதிக் கணக்குகளுக்காக எழுதிய மல்டிலெவல் முறை இங்கே கைகொடுக்கிறது. பெரும்பாலான ரன்களைப் பெரிய கட்டங்களில் மலிவாக ஓட்டிவிட்டு, கட்டத்தைப் பொடியாக்கும்போது விடை எவ்வளவு நகர்கிறது என்பதை மட்டும் கொஞ்ச ரன்களில் பார்த்துக் கூட்டிக்கொள்ள வேண்டும். முப்பரிமாணத்தில் கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினாலே செல்கள் எட்டு மடங்கு, அதனால் மிச்சமாகிற நேரம் அற்பமில்லை.

ஆனால் அந்த நகர்வைப் பார்க்க ஜோடியாக ஓடும் பெரிய, பொடி கிரிட் இரண்டும் ஒரே நிலத்தைப் பார்க்க வேண்டும். ரேண்டம் சீடு (தற்செயல் எண்கள் பிறக்கும் தொடக்க எண்) ஒன்றாக இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், போதாது, செல் எண்ணிக்கை மாறினால் அதே சீடு வேறு நிலத்தையே தரும். நான் கார்ஹூனன்-லோவே விரிவில், அதாவது தற்செயல் குணகங்களால் பெருக்கிய வடிவங்களின் கூட்டலாக, புலத்தை (நிலமெங்கும் பரவிய ஊடுருவுதிறனை) எழுதி, அதே குணகங்களை இரண்டு கிரிட்டிலும் போடுகிறேன். அப்புறம், புலத்தின் தொடர்பு நீளத்தை (எவ்வளவு தூரம்வரை ஊடுருவுதிறன் ஒத்துப்போகும் என்பதை) விடப் பெரிய கட்டத்தில் ஆரம்பிப்பதில் புண்ணியமில்லை, இரண்டு கிரிட் விடைகளின் வித்தியாசத்தின் வேரியன்ஸ் (சிதறல்) குறையவே குறையாது.

தோற்றுப்போகும் ரன்களைக் கவனியுங்கள். நீர்மட்டம் இறங்கிச் செல் காய்ந்தால் சமன்பாடுகளைத் தீர்க்கும் சால்வர் ஒரு விடையில் குவியாமல் திணறும். அந்த ரன்களைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சராசரி எடுத்தால், பெரும்பாலும் ஊடுருவுதிறன் ரொம்பக் குறைந்த நிலங்கள்தான் காணாமல் போகும், விடை நமக்குச் சாதகமாகச் சாயும். மோட்ஃப்ளோவில் காய்ந்த செல்களைச் சமாளிக்கும் நியூட்டன் முறையை இயக்கி, சால்வரை கடினமான கணக்குகளுக்கான 'காம்ப்ளெக்ஸ்' அமைப்பில் வைத்தால் பெரும்பாலானவை தேறிவிடும், மெதுவாகத்தான்.

சராசரி நீர்மட்டம், மொத்த நீர்வரத்து மாதிரி கேள்விகளுக்கு இந்த முறையைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். மாசு குறிப்பிட்ட வருடத்துக்குள் கிணற்றை எட்டுமா என்ற ஆம்/இல்லை நிகழ்தகவுக்குச் சொல்லமாட்டேன், விடை பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் தாவுவதால் லாபம் பெரிதும் சுருங்கிவிடும். அதற்கு இன்னும் பழைய மான்டே கார்லோவையே ராத்திரி முழுக்க ஓடவிடுகிறேன்.