கையடக்க விசைப்பலகையில் தமிழ்: ச-வும் ய-வும் தான் சிக்கல்

பேருந்தில் போகும்போது போனிலேயே நீளமாக எழுதுவதற்காக, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் தட்டும் சின்ன புளூடூத் விசைப்பலகை ஒன்று வாங்கினேன், மூன்று மாதமாகிறது. திரையில் பாதியை விசைகள் அடைத்துக்கொள்வதில்லை, எழுதிய பத்தி முழுசாகக் கண்ணுக்குத் தெரிகிறது, இது பெரிய நிம்மதி.

எந்த விசையில் எந்தத் தமிழ் எழுத்து என்று வகுத்த தமிழ்99 முறைக்கு இந்த அமைப்பு அப்படிப் பொருந்துகிறது. உயிர் இடப்பக்கம், மெய் பெரும்பாலும் வலப்பக்கம் என்பதால் இரண்டு கட்டைவிரலும் மாறி மாறி ஓடுகின்றன, க-வை இருமுறை தட்டினால் 'க்க' தானாக வந்துவிடுகிறது. விசையில் தமிழ் எழுத்து அச்சிடப்படவில்லை, ஆனால் ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது.

குறை என்னவென்றால், தமிழ்99-இல் ச, ந, ய மூன்றும் ஆங்கிலத்தின் நிறுத்தக்குறி விசைகளில் இருக்கின்றன. இடம் போதாமல் அந்த விசைகளை இதில் வேறு விசைகளோடு சேர்த்து அமுக்க வேண்டிய எஃப்என் (Fn) விசைக்குள் ஒளித்துவிட்டார்கள், 'செய்ய' என்று எழுதவே மூன்று முறை எஃப்என்னை அமுக்க வேண்டியிருக்கிறது, கோபமாக வருகிறது. வாங்கும் முன் அடைப்புக்குறி, அரைப்புள்ளி, மேற்கோள்குறி மூன்றுக்கும் தனி விசை இருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.