வருகைக் கணக்கை எங்கே வைப்பது: மட்டோமோ, பிளாசிபிள் பற்றி இராமேசுவரத்திலிருந்து ஒரு மதிப்பீடு

இராமேசுவரத்தில் ஒரு தங்கும் விடுதி, மண்டபத்தில் ஒரு கருவாட்டு வணிகம், சாயல்குடியில் ஒரு கருப்பட்டிக் கடை ஆகிய மூன்றின் இணையதளங்களையும் நான் பராமரித்து வருகிறேன். இவற்றை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற வருகைக் கணக்கிற்காக, வாடகை சர்வரில் நானே நிறுவிய மட்டோமோவை 2023 ஆகஸ்டிலிருந்தும், மாதக் கட்டணம் செலுத்திப் பெறும் பிளாசிபிள் சேவையை 2025 மார்ச்சிலிருந்தும் பயன்படுத்துகிறேன். இரண்டும் நல்ல கருவிகள். ஆனால் எது யாருக்குப் பொருந்தும் என்பதை அவற்றின் வசதிப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்ய முடியாது என்பதைப் பட்டறிந்தே தெரிந்துகொண்டேன்.

இதே வேலையைச் செய்யும் இலவசமான கூகுள் அனலிட்டிக்ஸ் இருக்கும்போது இந்தத் தேர்வே எதற்கு என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் என்ற அதன் பழைய வடிவம் 2023 ஜூலை 1 அன்று புதிய வருகைகளைக் கணக்கெடுப்பதை நிறுத்தியது. ஓராண்டு கழித்து, 2024 ஜூலை 1 முதல், பழைய அறிக்கைகளைத் திறக்கும் வழியும் அடைபட்டது. அந்த எண்கள் அதன் புதிய வடிவமான ஜிஏ4-க்குள் தாமாக வந்து சேரவில்லை. முன்கூட்டியே தரவிறக்கிக் கொள்ளாதவர்களிடம் அந்த ஆண்டுகளின் கணக்கு இன்று கிடையாது. ஜிஏ4-இன் இலவச வடிவத்திலும் வழக்கமான தொகுப்பு அறிக்கைகள் நிலைத்திருக்கும் என்றாலும், தனித்தனி நிகழ்வுகளைத் துருவிப் பார்ப்பதற்கான தரவு அதிகபட்சம் 14 மாதங்களே இருக்கும்; நாமாகச் சென்று மாற்றாவிட்டால் அதுவும் 2 மாதங்கள்தான்.

எங்கள் ஊர் விடுதிக்கு இது சிறிய குறை அன்று. இங்கே தொழில் அமாவாசையைச் சுற்றி நடக்கிறது. தை அமாவாசை 2024-இல் பிப்ரவரி 9 அன்று வந்தது. 2025-இல் ஜனவரி 29 அன்று வந்தது. எந்தக் கருவியும் சென்ற ஆண்டு ஜனவரியை இந்த ஆண்டு ஜனவரியோடுதான் தானாக ஒப்பிடுமே தவிர, அமாவாசையை அமாவாசையோடு ஒப்பிடாது. அந்த வரைபடத்தை அப்படியே நம்பினால், 2025 ஜனவரியில் வணிகம் பெருகியதாகவும் பிப்ரவரியில் படுத்துவிட்டதாகவும் தோன்றும். உண்மையில் இரண்டுமே நடந்திருக்காது. ஆகவே பழைய ஆண்டுகளின் நாள்வாரிக் கணக்கு கையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு நாளுக்கும் குறிப்பு எழுதி வைக்கவும் இடம் வேண்டும். மட்டோமோவில் வரைபடத்தின் மேலேயே தேதிக்குரிய குறிப்பைச் சேர்க்கலாம். ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகா சிவராத்திரி, பாம்பன் புதிய பாலம் திறக்கப்பட்ட 2025 ஏப்ரல் 6 என்று அனைத்தையும் அதில் குறித்து வைத்திருக்கிறேன். இந்த ஒரு வசதிக்காகவே அதை விட மனம் வரவில்லை.

இனி, சொந்தமாக நிறுவுவதன் மறுபக்கம். சொந்தமாக நிறுவுவது என்றால் கடையில் ஒரு கணினியை எந்நேரமும் ஓட விடுவது என்று இங்கே சிலர் நினைக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரம் போய்ப் போய் வரும் இக்கரையில் அதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். வெளியூரிலுள்ள தரவு மையத்தில் ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து, அதில் பிஎச்பி என்ற நிரல்மொழியையும் மைஎஸ்கியூஎல் அல்லது மரியாடிபி என்ற டேட்டாபேஸையும் நிறுவி, அவற்றின் மேல் மட்டோமோவை ஏற்ற வேண்டும். ஏற்றுவது அரை நாள் வேலை. அதன்பின் வருவதுதான் நீண்ட வேலை. அறிக்கைகளை நாம் திறக்கும்போதுதான் மட்டோமோ இயல்பாகக் கணக்கிடும் என்பதால், வருகை சற்றுக் கூடினாலும் அறிக்கைகளைக் காட்டும் பக்கமான டாஷ்போர்டு திணறும். இதற்கென மணிக்கொரு முறை தானாக ஓடும் க்ரான் பணியை அமைக்க வேண்டும். பாதுகாப்பு அப்டேட்டுகளைத் தள்ளிப்போடக் கூடாது. ஒவ்வொரு வருகைக்கும் தனித்தனியே சேரும் பழைய மூலப் பதிவுகளை அழித்துவிட்டு, தொகுத்த அறிக்கைகளை மட்டும் வைத்துக்கொள்ளும் அமைப்பையும் நாமே போய் இயக்க வேண்டும்.

இதில் நான் தவறவிட்டது ஒன்று. டேட்டாபேஸின் அன்றாட பேக்கப்பை அதே சர்வரின் அதே டிஸ்கில் சேமித்து வந்தேன். பழையவற்றை அழிக்கும் வரியை எழுதி வைக்கவில்லை. 2025 ஜனவரி 27 இரவில் டிஸ்க் நிரம்பியது. டேட்டாபேஸ் எழுத மறுத்தது. இணையதளம் வேறு சர்வரில் இருந்ததால் அது வழக்கம்போல் திறந்தது. கணக்கு மட்டும் நின்றது. தை அமாவாசைக்கு முந்தைய இரு நாட்களும் விடுதியின் அறைப் பதிவில் கை கொடுத்துக் கொண்டிருந்த எனக்கு டாஷ்போர்டைத் திறக்க நேரமே கிடைக்கவில்லை. பிப்ரவரி 2 அன்று விடுதி உரிமையாளர், "அமாவாசைக்கு எத்தனை பேரு நம்ம பக்கத்தப் பாத்துருக்காங்க, தம்பி? போன வருசத்த விடக் கூடவா?" என்று கேட்டபோதுதான் திறந்து பார்த்தேன். ஆறு நாட்களுக்குக் கோடு தரையோடு கிடந்தது. ஆண்டு முழுவதும் எந்த நாளின் எண்ணுக்காகக் காத்திருந்தோமோ, அந்த நாளின் எண் எங்களிடம் இல்லை.

சர்வரைக் கவனிக்க வேண்டியவரும் திருவிழாக் கூட்டத்தைக் கவனிக்க வேண்டியவரும் ஒரே ஆளாக இருக்கும் இடத்தில் சொந்த நிறுவல் ஆபத்தானது என்று நான் சொல்வது இதனால்தான். சிறு வணிகங்களில் பெரும்பாலும் அந்த இருவரும் ஒருவரே.

அதன்பின் கருவாட்டுத் தளத்தையும் கருப்பட்டித் தளத்தையும் பிளாசிபிளுக்கு மாற்றினேன். தளத்தின் தலைப்பகுதியில் ஒரு வரியைச் சேர்த்தால் வேலை முடிந்துவிடுகிறது. அந்த வரி ஏற்றும் ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரல் ஏறக்குறைய ஒரு கிலோபைட் அளவே இருப்பதால், தனுஷ்கோடிச் சாலையில் சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கிய நிலையிலும் பக்கம் தாமதிக்கவில்லை. அறிக்கை முழுவதும் ஒரே பக்கத்தில் அடங்குகிறது. கருவாட்டு வணிகரின் மகள் அதை யாரும் சொல்லித் தராமலே படித்துக்கொண்டார். மட்டோமோவின் பட்டியல்களுக்குள் அவரால் வழி கண்டுபிடிக்க முடிந்ததில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை இருக்கும் 61 நாட்களில் எந்த வகைக் கருவாட்டைத் தேடி ஆட்கள் வருகிறார்கள் என்று பார்த்து அவர் இருப்பு வைக்கிறார். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பிளாசிபிளுக்கும் ஒரு வரம்பு உண்டு. அது வருகையாளரின் உலாவியில் குக்கீ என்ற அடையாளக் கோப்பை வைப்பதில்லை; வருகையாளரை அடையாளம் காணும் குறியீட்டை நாள்தோறும் மாற்றிவிடுகிறது. வருகையாளரின் தனியுரிமைக்கு இது நல்லது. ஆனால் இராமேசுவரப் பயணத்தைத் திட்டமிடும் ஒரு குடும்பம் ஒரே கைபேசியில் திங்கள், வியாழன், ஞாயிறு என்று மூன்று நாட்கள் விடுதிப் பக்கத்தைப் பார்த்தால், மாதக் கணக்கில் அது மூன்று பேராகவே விழும். குக்கீயுடன் இயங்கும் மட்டோமோ அதே உலாவியில் வருபவரை ஒருவராகவே எண்ணும். விடுதித் தளத்தில் இரண்டையும் இரு வாரங்கள் சேர்த்தே ஓட்டிப் பார்த்தேன். ஒரு நாள்கூட இரண்டின் எண்களும் ஒத்துப்போகவில்லை. அதற்காக ஒன்று பொய் சொல்கிறது என்று எண்ண வேண்டியதில்லை. எண்ணும் முறை வேறு. ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்கு மாறுகிறவர்கள் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒரே கோட்டில் இணைக்காமல் இருக்க வேண்டும்.

ஊர்ப்பெயர் விஷயத்தில் இரண்டையுமே நம்ப வேண்டாம். மண்டபம் ரயில் நிலையத்தில் நின்று என் கைபேசியில் தளத்தைத் திறந்தேன். சென்னை என்று பதிவானது. கைபேசி நிறுவனங்களின் ஐபி முகவரியிலிருந்து ஊரைக் கணிப்பதில் உள்ள பொதுவான குறை இது. மாநிலம் வரை ஓரளவு பயன்படும்.

கட்டணத்தில் ஒரு நடைமுறைத் தொல்லையும் உண்டு. இத்தகைய சேவைகள் பெரும்பாலும் வெளிநாட்டு நாணயத்தில், பக்கப் பார்வைகளின் எண்ணிக்கைக்கேற்ப வசூலிக்கின்றன. தானாகப் பிடித்தம் செய்யும் கட்டணங்களுக்கு ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைப்படுத்திய கூடுதல் சரிபார்ப்பு விதிகளால், மாதாந்திரப் பிடித்தம் சில அட்டைகளில் மறுக்கப்படலாம். எனக்கு ஒருமுறை மறுக்கப்பட்டது. ஆண்டுக் கட்டணமாக ஒரே முறையில் செலுத்திய பிறகு அந்தக் கவலை இல்லை.

சொந்தமாகவே நிறுவ வேண்டும், ஆனால் மட்டோமோ அளவுக்குப் பெரிதாக வேண்டாம் என்பவர்கள் கோட்கவுன்டர் என்ற சிறிய கருவியைப் பார்க்கலாம். நிரல் முழுவதும் ஒரே இயங்கு கோப்பு; தரவுக்கு எஸ்கியூலைட் என்ற எளிய டேட்டாபேஸ். பேக்கப் எடுக்கவும் எளிது. பிளாசிபிளின் சமூக வடிவத்தைச் சொந்த சர்வரில் ஏற்றலாம் என்றாலும், அது கிளிக்ஹவுஸ் என்ற கனமான டேட்டாபேஸைக் கேட்பதால் மிகச் சிறிய வாடகை சர்வருக்குப் பாரமாகும். மட்டோமோவையே அந்நிறுவனத்தின் கிளவுடில் வாடகைக்குப் பெறவும் வழியுண்டு. தளங்களும் வருகையும் கூடக் கூடச் செலவும் கூடும்.

விடுதியை மட்டும் மட்டோமோவிலேயே வைத்திருக்கிறேன். பேக்கப் இப்போது வேறு நிறுவனத்தின் சேமிப்பகத்திற்குப் போகிறது. ஏழு நாட்களுக்கு முந்தையவை தாமாக அழிகின்றன. டிஸ்க் எண்பது சதவீதத்தைத் தொட்டால் எனக்கும் உரிமையாளரின் மகனுக்கும் குறுஞ்செய்தி வருகிறது. 2025 ஜூலை 24, ஆடி அமாவாசைக்கு முந்தைய இரவு அந்தச் செய்தி அவருக்குத்தான் முதலில் போய்ச் சேர்ந்தது. நான் அக்னி தீர்த்தப் பக்கம் கூட்டத்தில் நின்றிருந்தேன். எழுதிக் கொடுத்திருந்த மூன்று கட்டளைகளை அவரே ஓட்டி இடத்தை விடுவித்துவிட்டார். அந்த அமாவாசைக்குக் கணக்கில் இடைவெளி இல்லை.