செவலைக்கு எந்த வீடு: ராமநாதபுரமா, உச்சிப்புளியா, ராமேஸ்வரமா?

"நாயா? அப்படியென்றால் வேண்டாம் தம்பி." ராமநாதபுரத்துக்கு மாற்றலாகி வந்த முதல் மாதம் முழுக்க இதைத்தான் கேட்டேன். எங்கள் நாய் செவலை, சிப்பிப்பாறை வேட்டைநாய்க் கலப்பு. நீண்ட கால்கள், ஒட்டிய வயிறு. நாள்தோறும் ஓடினால்தான் இரவில் தூங்குவாள். அவளை ஊரில் விட்டுவிட்டு வரும்படி சிலர் சொன்னார்கள். எங்களால் அது ஆகாது. அதனால் நகரத்து மாடி வீடு, ராமேஸ்வரம் போகும் வழியில் உள்ள உச்சிப்புளியில் தோப்பு வீடு, ராமேஸ்வரம் தீவு என்று மூன்று பக்கமும் தேடினோம்.

தீவை எளிதில் கழித்துவிடலாம். யாத்திரிகர் வந்துகொண்டே இருக்கும் ஊரில் காலி அறையை நாள் வாடகைக்கு விடுவதுதான் வீட்டுக்காரருக்கு லாபம். மாத வாடகைக்குக் கிடைப்பவையும் பெரும்பாலும் வீட்டுக்காரர் குடியிருக்கும் வீட்டின் ஒரு பகுதிதான். பூஜையறைக்குப் பக்கத்தில் நாய் வேண்டாம் என்பதை நேராகவே சொன்னார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. ராமநாதபுரத்தில் வேலை பார்ப்பவருக்கு ஒரு வழிக்கே சுமார் 55 கிலோமீட்டர் தினசரிப் பயணமும் சேர்ந்துகொள்கிறது.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான். நகரத்தில் கால்நடை மருத்துவர் அருகில் இருக்கிறார், அலுவலகம் நடக்கும் தூரம். ஆனால் மாடி போர்ஷன் என்றால் படிக்கட்டு, மோட்டார், வற்றல் காயும் மொட்டைமாடி எல்லாமே பொது. தண்ணீர்தான் பெரிய சிக்கல். பல தெருக்களில் போர் தண்ணீர் உப்பு. குடிக்கக் காவிரி நீர் வரும் நாளுக்குக் காத்திருக்க வேண்டும், அல்லது விலைக்கு வாங்க வேண்டும். நாயைக் குளிப்பாட்டும் ஒவ்வொரு வாளியும் கீழ்வீட்டாரின் கண்ணில் படும்.

சட்டத்தையும் பார்த்தேன். வளர்ப்பு நாய்க்குக் குடியிருப்போர் சங்கம் தடை விதிக்கக்கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆனால் வீடு தரமாட்டேன் என்னும் வீட்டுக்காரரை அது கட்டாயப்படுத்தாது. 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வேறு உடன்பாடு இல்லாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. நாய் வளர்க்கச் சம்மதம் என்ற ஒரு வரியை அந்த ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். தொலைபேசியில் சம்மதித்த ஒருவர், சாவி தரும் நாளில் எங்களிடம் மறுத்துவிட்டார்.

உச்சிப்புளியில் தென்னந்தோப்புக்குள் இரண்டு அறை ஓட்டு வீடு கிடைத்தது. "நாயைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றார் வீட்டுக்கார அம்மா. செவலை அவர் காலடியில் படுத்துக்கொண்டாள். அன்றே பேசி முடித்தோம். மணற்பாங்கான நிலம் என்பதால் கிணற்று நீர் நன்றாக இருந்தது. தோப்புக்குத் தோப்பு சுவை மாறும். குடித்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

தோப்பு வீட்டிலும் தொல்லை உண்டு. பனைமட்டை வேலி செவலையை நிறுத்தவில்லை. முதல் வாரமே பக்கத்துத் தோப்புக் கோழியைப் பிடித்துவிட்டாள். விலை கொடுத்து, மன்னிப்புக் கேட்டு, அடுத்த நாளே கம்பிவலை அடித்தேன். வீட்டைப் பார்க்கும் முன் வேலியைப் பாருங்கள். சீமைக்கருவேல முள் பாதத்தில் ஏறும். தினமும் மாலையில் நான்கு கால்களையும் விரித்துப் பார்த்து, உண்ணியும் எடுக்க வேண்டியிருக்கிறது.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது கடற்கரைதான். வலையில் சிக்கும் பேத்தை மீன் சில நேரம் மணலிலேயே கிடக்கும். அதன் நஞ்சு காய்ந்தாலும் சமைத்தாலும் போகாது, முறிவு மருந்தும் இல்லை. கருவாடு காயும் இடங்களும் அருகிலேயே இருக்கின்றன. அது பிறர் பிழைப்பு. எனவே கடற்கரையில் கயிற்றை அவிழ்ப்பதே இல்லை. ஓட்டமெல்லாம் தோப்புக்குள்தான்.

அலுவலகத்துக்கு நெடுஞ்சாலை பஸ் இருக்கிறது. போக்குவரத்தில் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறது. ஓடும் வயதில் உள்ள நாய்க்கு அந்த நேரத்தைக் கொடுக்கலாம் என்பது என் முடிவு. வயதான நாய், அடிக்கடி ஊசி போட வேண்டிய நாய் என்றால் நகரத்திலேயே தேடுங்கள். தரைத்தள வீடு கிடைக்கும்வரை பொறுத்திருங்கள். மூட்டு வலியோடு நாளுக்கு நான்கு முறை படியேற வயதான நாயால் முடியாது.