பூவும் பூச்சியும் வரைந்த சீனப் பட்டு விசிறி: வட்டமா, மடிப்பா?

ஹாங்சோவில் மேற்கு ஏரிக்குப் பக்கத்தில் ஒரு விசிறிக் கடையில் வாங்கிய வட்ட விசிறி இது. மூங்கில் பிடி, பட்டுத் துணி, அதில் ஒரு பீர்க்கங்கொடி, இரண்டு மஞ்சள் பூ, இலைமேல் ஒரு பச்சை வெட்டுக்கிளி. நான் வாங்கியது அந்த வெட்டுக்கிளிக்காகத்தான். பூவை ஓரளவு கை பழகிய யாரும் வரையலாம், பூச்சியில்தான் வரைந்தவரின் தரம் தெரியும் என்பது என் கட்சி.

இதில் மீசையைப் பாருங்கள். அடியில் கொஞ்சம் கனமாகத் தொடங்கி, எங்கேயும் விட்டுப்போகாமல், நுனிக்குப் போகும்போது மயிரிழையாகி மறைகிறது. ஒரே இழுப்பு, திருத்தவே வழியில்லை. பின்னங்காலில் முள் முள்ளாக இருப்பதுகூட வந்திருக்கிறது. இறக்கைக்கு நீர்த்த மையை மெல்லிசாக ஏற்றியிருப்பதால் அடியில் இருக்கும் இலை நரம்பு அதன் வழியே தெரிகிறது. கோங்பி என்று சொல்லும் நுணுக்க பாணி இது: முதலில் மைக்கோடு, அப்புறம் அடுக்கடுக்காக நிறம். பட்டுக்குப் பசையும் படிகாரமும் பூசியிருப்பதால்தான் மை பரவாமல் நிற்கிறது.

ஹாங்சோ, 12-13ஆம் நூற்றாண்டில் தென் சீனாவை ஆண்ட தென் சோங் அரசின் தலைநகராக இருந்த ஊர். அந்தக் காலத்து வட்ட விசிறி ஓவியங்கள் பல, பிடியிலிருந்து கழற்றி ஏட்டில் ஒட்டி வைத்ததால் இன்றைக்கும் இருக்கின்றன. அதே அளவில், அதே அடக்கத்தில் இன்னும் வரைகிறார்கள் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

மடிப்பு விசிறி அதற்கப்புறம் வந்த மிங் அரச வம்சக் காலத்தில்தான் (14-17ஆம் நூற்றாண்டு) சீனாவில் பரவலானது. அதில் இந்த நுணுக்க வேலையை வாங்காதீர்கள். ஒவ்வொரு மடிப்பும் பூச்சியின் உடம்பைக் குறுக்கே வெட்டும், கல்லை அரைத்துச் செய்த பச்சை, நீல நிறங்களைக் கனமாகப் பூசியிருந்தால் மடிப்பில் உதிரவும் செய்யும். காகிதத்தில் நாலைந்து தூரிகை வீச்சில் முடிக்கிற ஷியேயி பாணிதான் அதற்குச் சரி.

எனக்குப் பிடிக்காத விஷயம், அதே கடையில் மலிவு ரக விசிறிகளையும் கையால் வரைந்தது என்றே சொல்லி விற்கிறார்கள். மொபைல் கேமராவில் பெரிதாக்கினால் கோடெல்லாம் அச்சுப் புள்ளி, பூவில் மட்டும் மேலே கொஞ்சம் சிவப்பு தடவியிருக்கிறார்கள். வாங்கும் முன் மீசையைப் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள். கையால் வரைந்ததென்றால் விலை பல மடங்கு ஏறும், ஆனாலும் அதையே வாங்குங்கள், நேர்வெயில் படாத இடத்தில் வையுங்கள்.