மதுரைத் திட்டம்: ஒரு புத்தகக் கடைக்காரரின் மதிப்பீடு

புத்தகம் விற்றுப் பிழைப்பவர் இலவச மின்னூல்களைப் பாராட்டுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும், வேதியியலாளர் கல்யாணசுந்தரம் 1998-இல் தொடங்கி, பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்களின் உழைப்பால் வளர்ந்த, தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசமாக வழங்கும் மதுரைத் திட்டத்தை என் கடைக்குப் போட்டியாக நான் கருதவில்லை. ஒரு காலத்தில் தனி எழுத்துரு தேவைப்பட்ட 'திஸ்கி' என்னும் தமிழ்க் குறியேற்றத்தில் வெளிவந்த நூல்கள், பின்னர் எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றப்பட்டதால், இன்று எந்தக் கைபேசியிலும் தனி எழுத்துரு இல்லாமலேயே சங்கப் பாடல்களைப் படிக்க முடிகிறது.

பணி ஓய்வுக்குப் பிறகு இலக்கியம் கற்க முனைவோருக்கே இதன் பயன் அதிகம். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், குறுந்தொகைப் பக்கத்தில் 'குறிஞ்சி' என்று தேடினால், 'நிலத்தினும் பெரிதே' எனத் தொடங்கும் மூன்றாம் பாடல் உள்ளிட்டவை உடனே கண்முன் நிற்கும். அச்சு நூலில் அதற்குப் பாட்டு முதற்குறிப்பு அகராதியைப் புரட்ட வேண்டும், அதுவும் முதலடி நினைவிருந்தால்தான்.

குறையும் உண்டு. பல இலக்கியங்களுக்கு மூலபாடம் மட்டுமே உள்ளது, உரை இல்லை. சந்தி பிரிக்காத செய்யுளைத் தனியாகக் கற்பவர் இரண்டாம் அடியிலேயே திணறுவார். அவ்வாறு திணறியவர்களே, 1937-இல் உ.வே.சாமிநாதையர் வெளியிட்ட குறுந்தொகை உரையின் மறுபதிப்பைக் கேட்டு என் கடைக்கு வருகிறார்கள் என்பதால், இந்தக் குறையை நான் பெரிதாகக் குறைகூற இயலாது. பிடிஎஃப் கோப்புகளின் பக்க அமைப்பு மாறாதது என்பதால் அவற்றைக் கணினியில் படிப்பதே நலம். கைபேசிக்கு இணையப் பக்க வடிவமே ஏற்றது.