பழைய கணினியில் தமிழ் எழுத: அபிவேர்டிலிருந்து ரைட்டருக்கு

எங்கள் வீட்டுக் கணினி அப்பாவுக்கானது. மன்னார்குடிப் பக்கம் கிராமம். பயிர்க் காப்பீடு, வாய்க்கால் தூர்வாருதல் என்று யாருக்கு மனு வேண்டுமானாலும் எங்கள் திண்ணைக்குத்தான் வருவார்கள். கணினியோ 2 ஜிபி ராம் உள்ள பழைய டெஸ்க்டாப். 2019ல் அதில் லுபுண்டு 18.04 என்ற இலவச இயங்குதளம் போட்டேன், கூடவே அபிவேர்டு என்ற எழுதும் மென்பொருளும் வந்தது.

அபிவேர்டு கிளிக் செய்த வேகத்தில் திறக்கும். ஒரு பக்க மனுவுக்கு அது தாராளம். ஆனால் எங்களிடம் பிரிண்டர் கிடையாது. அப்பா பென்டிரைவில் கொண்டுபோன, அபிவேர்டின் சொந்த வடிவமான ஏபிடபிள்யூ கோப்பு கடைத்தெரு ஜெராக்ஸ் கடையில் திறக்கவில்லை. மற்ற மென்பொருள்களிலும் திறக்கும் ஆர்டிஎஃப் ஆக மாற்றிக் கொடுத்தால், நாங்கள் போட்ட எழுத்துரு அங்கே இல்லை. சர்வே எண் அட்டவணை அடுத்த பக்கத்துக்கு ஓடிவிட்டது. வெயிலில் இரண்டு நடை. அன்றைக்கு எனக்கு மனசே சரியில்லை.

2021ல் 18.04க்கான ஆதரவு முடிந்ததும் புதிய லுபுண்டு போட்டேன். அதில் எழுதுவதற்கு லிப்ரே ஆஃபீஸ் ரைட்டர்தான் வருகிறது. முதல் தடவை திறக்க நேரம் எடுக்கும், உண்மைதான். அமைப்புகளில் ஜாவாவை நிறுத்தியதும் கொஞ்சம் குறைந்தது. திறந்த பிறகு தட்டச்சில் இழுவை இல்லை.

தமிழில் எழுதுகிறவர்கள் முதலில் சரிசெய்ய வேண்டியது வேறொன்று. "14 வெச்சேன்டா, தமிழ் மட்டும் சின்னதாவே விழுது" என்றார் அப்பா. ரைட்டர் ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்துரு, தமிழ் போன்ற மொழிகளுக்கு இன்னொன்று என்று தனித்தனியாக வைத்திருக்கிறது. காலிப் பக்கத்தில் அளவை மாற்றினால் அது ஆங்கிலத்தோடு நின்றுவிடலாம். மொழி அமைப்பில் சிடிஎல் (தமிழ் போன்ற மொழிகளுக்கான பகுதி) என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்து, ரைட்டரின் அடிப்படை எழுத்துருக்களிலும் சிடிஎல் பகுதிக்குப் போய் நோட்டோ சான்ஸ் தமிழ், 14 என்று வைத்தேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எழவில்லை.

அப்பாவின் பழைய மனுக்கள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பாமினி எழுத்துருவில் இருந்தன. அந்த எழுத்துரு இல்லாவிட்டால் 'அம்மா' என்ற சொல் வெறும் எம், கே, அரைப்புள்ளி என்று ஆங்கிலக் குறிகளாகத்தான் தெரியும். எந்த எழுதும் மென்பொருளுக்கு மாறினாலும் இது தீராது. ஒவ்வொன்றாக, தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறியீடு உள்ள யூனிகோடுக்கு மாற்றினேன். இப்போது ஊர்ப்பெயரைத் தட்டித் தேடினாலே பழைய மனு கிடைக்கிறது.

ஐப்பசி மழையில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ரைட்டரின் மீட்புச் சேமிப்பு இயல்பாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை. நான் 2 ஆக்கினேன். ஒரு சாயங்காலம் 38 பேர் பட்டியலை அடிக்கும்போது கரண்ட் போனது. திரும்பத் திறந்ததும் மீட்கவா என்று கேட்டது. கடைசி இரண்டு பெயர்தான் இல்லை. அப்பா ஒன்றும் சொல்லாமல் அந்த இரண்டையும் அடித்துச் சேர்த்தார்.

கடைக்கு இப்போது பிடிஎஃப் மட்டுமே போகிறது. எழுத்துரு அதற்குள்ளேயே இருப்பதால் எந்தக் கணினியிலும் எழுத்து மாறாது. திருத்துவதற்கு, ரைட்டரின் சொந்த வடிவமான ஓடிடி பிரதி வீட்டில் இருக்கும். உங்களிடம் 1 ஜிபி ராம்தான் என்றால் அபிவேர்டையே வைத்துக்கொள்ளுங்கள். அச்சிடும் சாளரத்தில் பிடிஎஃப் ஆகச் சேமித்துக் கொண்டுபோங்கள்.